மோயாற்றுக் கணக்கு

2023 டிசம்பர் இறுதியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநில வனத்துறைகளும் ஒரே நேரத்தில் பாறுகளை எண்ணின. முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு, பிளிகிரிரங்கன் மலை என எல்லா இடங்களிலும் கண்டவற்றைக் கூட்டியபோது கிடைத்த எண் 320.

இனவாரியாகப் பார்த்தால் வெண்முதுகுப் பாறு 217, செந்தலைப் பாறு 50, கருங்கழுத்துப் பாறு 47, மஞ்சள்முகப் பாறு 4. மீதி இரண்டும் வடக்கிலிருந்து வலசை வந்த வேறு இனப் பறவைகள்.

பாறு என்பது பிணந்தின்னிக் கழுகின் பழைய தமிழ்ப் பெயர். பேச்சு வழக்கில் இதையும் கழுகு என்றே சொல்கிறோம். ஆனால் கழுகு வேட்டையாடும். பாறு பெரும்பாலும் இறந்ததையே தின்னும். இந்த வேறுபாடுதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

அதே 2023 பிப்ரவரியில் நடந்த கணக்கெடுப்பில் 246 பறவைகள் தென்பட்டன. டிசம்பருக்கு அடுத்த கணக்கெடுப்பில் 390. ஏறுமுகம்தான். ஆனால் வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு இனப்பெருக்க வயதை எட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். பத்தே மாதங்களில் கூடிய 74 பறவைகளும் அந்த மாதங்களில் பிறந்தவையாக இருக்க முடியாது. முன்பு கண்ணில் படாதவை இப்போது பட்டிருக்கின்றன என்பதே பெரும்பகுதி விளக்கம்.

ஆகவே கூடியது எவ்வளவு என்பதை விட, மொத்தம் எவ்வளவு என்பதே முக்கியம். மூன்று மாநிலக் காடுகளிலும் சேர்த்து நானூறுக்கும் குறைவு.

முன்பு இருந்தவை

இந்தப் பறவைகள் நீலகிரியின் வடசரிவுக்குக் கீழே ஓடும் மோயாற்றுக்கும் அதைச் சுற்றிய காடுகளுக்கும் மட்டும் உரியவையாக இருந்ததில்லை. செங்கல்பட்டு மாவட்டத் திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் மலைமேல் இரண்டு பறவைகள் வந்து அர்ச்சகர் கையால் பொங்கல் உண்டு போனதை நேரில் பார்த்தவர்கள் இன்றும் ஏராளம். ஊர்ப் பெயரிலேயே இடம்பெற்ற அந்தக் கழுகுகள் மஞ்சள்முகப் பாறுகள். 1990-களின் இறுதிக்குப் பிறகு அவை வரவில்லை.

1980-களில் வெண்முதுகுப் பாறு உலகிலேயே எண்ணிக்கையில் மிக அதிகமான பெரிய ஊனுண்ணிப் பறவையாகக் கருதப்பட்டது. இறந்த மாட்டைத் தோலுரித்து ஊருக்கு வெளியே போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்புதான் மிஞ்சும். அதற்கு யாரும் கூலி கொடுத்ததில்லை.

ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1987-88-இல் வெண்முதுகுப் பாறின் கூடுகட்டும் இணைகள் 353. 1996-97-இல் 150. 1998-99-இல் 20. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் இதைப் பதிவு செய்தார். மரங்களில் கழுத்தைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்த பறவைகளையும் அவர் கண்டார். சில நாட்களில் அவை கீழே விழுந்து கிடந்தன.

சாலை வழியே வண்டியில் சென்று எண்ணும் முறையில் இந்தியாவின் பல மாநிலங்களில் ஆய்வுகள் நடந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு இரு இனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்திருந்தன.

இவ்வளவு வேகமாக இவ்வளவு பரந்த நிலப்பரப்பில் வீழ்ந்த பறவை இனங்கள் மிகச் சில. முதலில் தொற்றுநோய் என்று எண்ணினார்கள். கிருமியைத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

காரணம்

விடை பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து வந்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை நுண்ணுயிரியலாளர் தலைமையிலான குழு அங்கு 2000-லிருந்து 2003 வரை இறந்த பாறுகளைச் சேகரித்தது. 259 சடலங்கள் ஆராயப்பட்டன. அவற்றில் 85 விழுக்காட்டில் ஒரே காட்சி: இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெண்மையான படிவு.

அது யூரிக் அமிலம். பாலூட்டிகள் உடலின் நைட்ரஜன் கழிவை யூரியாவாக வெளியேற்றுகின்றன. பறவைகள் யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் நின்றுபோனால் அது இரத்தத்தில் தேங்கி உறுப்புகளின் மேல் படிகமாகப் படிகிறது. இதற்கு உள்ளுறுப்புக் கீல்வாதம் என்று பெயர்.

சிறுநீரகம் ஏன் நின்றது? சிறுநீரகம் செயலிழந்து இறந்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். 25-இலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளைச் சோதித்தார்கள். ஒன்றில் கூட இல்லை. பிறகு டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட எருமை, ஆடு ஆகியவற்றின் இறைச்சியை 20 பாறுகளுக்குக் கொடுத்தார்கள். 13 இறந்தன. உள்ளே அதே வெண்படிவு. முடிவுகள் 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயின.

டைக்ளோஃபெனாக் நம் வீடுகளில் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் விழுங்கும் மாத்திரைதான். வலியையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் தணிக்கும், ஸ்டீராய்டு சேராத மருந்து வகையைச் சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் இதன் காப்புரிமை முடிந்தது. பல நிறுவனங்கள் தயாரித்தன. விலை சரிந்தது. மனிதர்களின் மருந்து மாட்டுக் கொட்டகைக்கு வந்தது. மடிநோய், கால்வீக்கம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. மாட்டுக்கு வலி குறைந்தது. மருந்து தன் வேலையைச் செய்தது.

அளவு

வெண்முதுகுப் பாறின் எடை சுமார் ஐந்து கிலோ. ஆய்வின்படி, மருந்தை உட்கொண்ட பறவைகளில் பாதியைக் கொல்லும் டைக்ளோஃபெனாக் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.225 மில்லிகிராம் வரை. ஐந்து கிலோப் பறவைக்கு அரை மில்லிகிராமிலிருந்து ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் வரை.

மருந்துக்கடையில் வாங்கும் ஒரு மாத்திரையில் 50 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது ஒரே மாத்திரையில் ஏறத்தாழ 45-லிருந்து 100 பறவைகளுக்கான அளவு.

அடுத்த கேள்வி: பாறுகள் அழிய எத்தனை மாடுகளில் மருந்து இருக்க வேண்டும்? ரிஸ் கிரீன் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளரும் அவர் குழுவினரும் 2004-இல் இதைக் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு இரண்டாவது மாட்டிலும் இருக்கத் தேவையில்லை. பத்தில் ஒன்றிலும் தேவையில்லை. 130 முதல் 760 சடலங்களுக்கு ஒன்றில் கொல்லும் அளவு இருந்தாலே, கண்ட வீழ்ச்சி முழுவதும் நிகழும். பாறுகள் கூட்டமாகத் தின்பவை, நெடுநாள் வாழ்பவை, மெதுவாகப் பெருகுபவை என்பதால் விடை இவ்வளவு சிறியதாக வந்தது.

2004-05-இல் இந்தியாவில் கால்நடைச் சடலங்களிலிருந்து கல்லீரல் மாதிரிகள் எடுத்துச் சோதிக்கப்பட்டன. ஏறத்தாழ பத்தில் ஒன்றில் டைக்ளோஃபெனாக் இருந்தது.

தடைகள்

2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. அதே ஆண்டு மெலாக்சிகம் என்ற மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது என்று ஆய்வுகள் காட்டின. மாட்டுக்கு அதுவும் அதே வேலையைச் செய்கிறது.

ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் 30 மில்லிக் குப்பிகளில் விற்பனைக்கு இருந்தது. மனிதனுக்கு ஒருமுறை தேவைப்படுவது 3 மில்லி. 30 மில்லிக் குப்பி மாட்டுக்கே வசதியானது. 2015 ஜூலையில் குப்பியின் அளவு 3 மில்லிக்குள் இருக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. மாட்டுக்கு வேண்டிய அளவுக்குச் சிறு குப்பிகள் பலவற்றை உடைக்க வேண்டிவரும், செலவு கூடும், அதனால் தவறான பயன்பாடு குறையும் என்பது நோக்கம். மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது.

ஆய்வாளர்கள் மாடு வளர்ப்பவர்கள் போல மருந்துக்கடைகளுக்குச் சென்று வலிநிவாரணி கேட்டுப் பார்த்தார்கள். தடை வந்து பதினோரு ஆண்டுகள் ஆன 2017-இலும், மாட்டுக்கென்று எடுத்துக் கொடுக்கப்பட்டவற்றில் மாநிலத்துக்கு ஏற்ப 10 முதல் 46 விழுக்காடு வரை டைக்ளோஃபெனாக்.

இதற்குள் வேறு மருந்துகள் சந்தையை நிரப்பியிருந்தன.

கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்பது 2010 வாக்கில் தெரிந்தது. 2023-இல் தடை. இடைவெளி 13 ஆண்டுகள்.

அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது என்பது 2016-இல் நிறுவப்பட்டது. 2023-இல் தடை. இடைவெளி 7 ஆண்டுகள்.

நிமசுலைடு உடலில் இருந்த நிலையில், அதே வெண்படிவுடன் பாறுகள் இறந்து கிடந்தன. 2024 டிசம்பர் 30-இல் தடை.

ஃப்ளூனிக்சின் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் கொடுக்கப்படும் இன்னொரு வலிநிவாரணி. ஸ்பெயினில் காட்டில் இறந்த ஒரு பாறின் உடலில் இது இருந்தது. அதிலும் கீல்வாதப் படிவு இருந்தது. மேலே சொன்ன, தடை செய்யப்பட்ட நான்கு பெயர்களில் ஃப்ளூனிக்சின் இல்லை.

எல்லாத் தடைகளிலும் வரிசை ஒன்றே. முதலில் மருந்து சந்தைக்கு வருகிறது. பிறகு பறவைகள் இறக்கின்றன. சடலங்கள் ஆய்வகத்துக்குப் போகின்றன. ஆய்வுக் கட்டுரை வெளியாகிறது. ஆண்டுகள் கழித்துத் தடை வருகிறது. மாட்டுக்கான வலிநிவாரணி பாறுக்குத் தீங்கற்றதா என்று விற்பனைக்கு முன்பே சோதித்துக் காட்டும் கடமை இந்த வரிசையில் எந்த இடத்திலும் இல்லை.

கழுகுகளும்

ராஜஸ்தானின் பிக்கானேர் அருகே ஜோர்பீர் என்ற இடம் இருக்கிறது. இறந்த மாடுகளையும் ஒட்டகங்களையும் கொண்டுவந்து போடும் திடல். குளிர்காலத்தில் நடு ஆசியாவிலிருந்து வலசை வரும் புல்வெளிக் கழுகுகள் அங்கே கூடுகின்றன. இவை பாறுகள் அல்ல, வேட்டையாடும் கழுகுகள். ஆனால் சடலம் கிடைத்தால் அதையும் தின்னும்.

அங்கே இறந்து கிடந்த இரண்டு புல்வெளிக் கழுகுகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். இரண்டிலும் டைக்ளோஃபெனாக். இரண்டிலும் உள்ளுறுப்புக் கீல்வாதம். முடிவுகள் 2014-இல் வெளியாயின.

பாறுகளின் ஒரு பேரினத்தோடு நின்றுவிட்ட சிக்கல் என்று அதுவரை கருதப்பட்டது. புல்வெளிக் கழுகு அக்குவிலா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பொன்னாங்கழுகும் அதே பேரினம். இந்தியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா எங்கும் அக்குவிலாக்கள் பறக்கின்றன. அவற்றில் பல குளிர்காலத்தில் சடலங்களையும் தின்கின்றன. 2015-இல் புல்வெளிக் கழுகு உலக அளவில் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மனிதர்கள்

பாறின் இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. பெரும்பாலான கிருமிகள் அதைக் கடந்து உயிரோடு வெளியேறுவதில்லை. நாயும் எலியும் அப்படியல்ல. அவை சடலத்தைத் தின்று, பெருகி, ஊருக்குள் திரும்பி வருகின்றன.

பாறுகள் மறைந்த பின் சடலங்கள் மறையவில்லை. திடல்களில் அழுகின, ஆறுகளில் வீசப்பட்டன. 1992-க்கும் 2006-க்கும் இடையில் இந்தியாவில் தெருநாய்கள் ஏறத்தாழ 55 லட்சம் கூடின என்றும், அதனால் வெறிநாய்க்கடியில் கூடுதலாக 47,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்றும் 2008-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

2024-இல் ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் இன்னொரு கோணத்தில் பார்த்தார்கள். முன்பு பாறுகள் நிறைந்திருந்த மாவட்டங்களையும், பாறுகளுக்கு இயல்பாகவே பொருந்தாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். மருந்து பரவுவதற்கு முன் இரண்டிலும் மனித இறப்பு விகிதம் ஒரே போக்கில் சென்றது. பரவிய பின் பிரிந்தது. பாறுகள் இருந்த மாவட்டங்களில் இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. நீர்நிலைகளில் மலக் கிருமிகள் கூடியிருந்தன. 2000-க்கும் 2005-க்கும் இடையில் கூடுதல் மனித இறப்பு ஏறத்தாழ ஐந்து லட்சம்.

இந்த ஐந்து லட்சம் பேரில் ஒருவரின் இறப்புச் சான்றிதழிலும் பாறு என்ற சொல் இருக்காது.

மோயாறு

நீலகிரியின் வடசரிவுக்குக் கீழே ஓடிப் பவானிசாகர் அணையில் கலக்கிறது மோயாறு. அதன் பள்ளத்தாக்கில் பாறுகள் தப்பியதற்குக் காரணம் அங்கே அவற்றின் உணவில் பெரும்பங்கு காட்டு விலங்குகள். புலியும் செந்நாயும் விட்டுச்சென்ற மான், காட்டெருது, இயற்கையாக இறந்த யானை ஆகியவற்றுக்கு யாரும் வலிநிவாரணி போடுவதில்லை. சிறியூர், ஜகலிக்கடவு போன்ற இடங்களில் ஆற்றங்கரை நீர்மருத மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. கருங்கழுத்துப் பாறுகளுக்குச் செங்குத்துப் பாறைகள் வேண்டும்.

ஆனால் பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடிய பறவை. மோயாற்றை நடுவில் வைத்து நூறு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் அதற்குள் 31,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம் வரும். கோவை, வயநாடு, மைசூரு, சாமராஜநகர் எல்லாம் உள்ளே. காடு அதில் ஒரு பகுதிதான். மீதியில் பெரும்பகுதி மாடு வளர்க்கும் ஊர்கள். வட்டத்துக்குள் இருக்கும் மருந்துக்கடைகள் மூன்று மாநிலங்களின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளுக்குக் கீழே வருகின்றன. பறவை மாநில எல்லை பார்ப்பதில்லை.

இரண்டாவது ஆபத்து நஞ்சு. புலி மாட்டை அடித்தால், மாட்டுக்காரர் மிஞ்சிய உடலில் பூச்சிக்கொல்லியைத் தெளித்து வைப்பது உண்டு. 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சி பகுதியில் இரண்டு புலிகள் அப்படி நஞ்சு வைத்த மாட்டைத் தின்று இறந்தன. புலிக்கு வைத்த நஞ்சு பாறுக்கும் நஞ்சுதான்.

2022 மார்ச்சில் அஸ்ஸாமின் சாய்காவ் பகுதியில் நஞ்சு கலந்த ஆட்டின் உடலைத் தின்று 97 இமயமலைப் பாறுகள் இறந்தன. 2019 ஜூனில் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் மூன்று யானைகளின் சடலங்களில் வைத்த நஞ்சால் 537 பாறுகளும் இரண்டு கழுகுகளும் இறந்தன.

2023 டிசம்பரில் மோயாற்றிலும் சுற்றிய காடுகளிலும் மூன்று மாநிலங்களும் சேர்ந்து எண்ணிய வெண்முதுகுப் பாறுகள் 217.

ஐந்து நாள்

திங்கட்கிழமை ஒரு கறவை மாட்டுக்குக் காய்ச்சல். மடி வீங்கியிருக்கிறது. கால்நடை மருத்துவமனை தொலைவில். பக்கத்து ஊரில் ஊசி போடுபவர் வருகிறார். கையில் இருக்கும் மருந்தைப் போடுகிறார். மாடு எழுந்து இரண்டு வாய் புல் தின்கிறது.

செவ்வாய்க்கிழமை இரவு மாடு இறக்கிறது. மருந்தால் அல்ல, நோயால். அந்த நேரத்தில் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து இன்னும் இருக்கிறது.

புதன்கிழமை காலை, குழி தோண்ட ஆள் இல்லாததால், காட்டோரம் இழுத்துப் போடுகிறார்கள். முதலில் காகம் வருகிறது. மேலே ஒரு பாறு வட்டமிடுகிறது. அது இறங்குவதைத் தொலைவில் இருக்கும் இன்னொன்று பார்க்கிறது. அதை இன்னொன்று. பாறுகள் உணவைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்: ஒன்றைப் பார்த்து ஒன்று. பகலுக்குள் இருபது.

அவை முதலில் தின்பது மென்மையான உள்ளுறுப்புகளை. கல்லீரல் அதில் ஒன்று.

வியாழக்கிழமை அவற்றில் சில மரத்தில் கழுத்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கின்றன.

வெள்ளி அல்லது சனிக்கிழமை அவை விழுகின்றன. விழும் இடம் காடு. அங்கே கழுதைப்புலி இருக்கிறது, காட்டுப்பன்றி இருக்கிறது, எறும்பு இருக்கிறது. சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் சடலம் அழுகும் முன் கிடைக்க வேண்டும். இந்த வெயிலில் அதற்கு ஒன்றிரண்டு நாட்களே அவகாசம்.

மாதம் ஜனவரியாக இருந்தால் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாப்பவை. ஒன்று இரை தேடப் போனால் மற்றொன்று கூட்டை விட்டு நகராது. போனது திரும்பவில்லை என்றால், இருப்பது பசியால் எழுந்து போகும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். அந்த இணைக்கு அந்த ஆண்டு வேறு முட்டை இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்ததே. மாட்டுக்கு வலி என்றால் மெலாக்சிகம் அல்லது டோல்ஃபெனமிக் அமிலம். இரண்டும் பாறுகளுக்குப் பாதுகாப்பானவை என்று சோதனைகளுக்குப் பின் பரிந்துரைக்கப்பட்டவை. ஊசி போட்டு ஓரிரு நாளில் இறந்த மாட்டை ஆழப் புதைப்பது. புலி அடித்த மாட்டுக்கான இழப்பீடு, மாட்டுக்காரர் பூச்சிக்கொல்லியைக் கையில் எடுப்பதற்கு முன் அவரிடம் போய்ச் சேர்வது. புதிய வலிநிவாரணி எதுவானாலும், கடைக்கு வரும் முன் பாறுகளுக்கு அது என்ன செய்யும் என்று பார்ப்பது. நேபாளம் 2006-இல் டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்து, ஊர் ஊராக மெலாக்சிகத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே வீழ்ச்சி நின்று, எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியது.

முதல் மருந்தைக் குற்றவாளி என்று நிறுவ பாகிஸ்தானில் 259 சடலங்கள் தேவைப்பட்டன. அங்கே அப்போது ஆயிரக்கணக்கில் பறவைகள் இருந்தன. அதனால் சடலங்கள் கிடைத்தன. மோயாற்றிலும் சுற்றிய மூன்று மாநிலக் காடுகளிலும் உயிரோடு எண்ணப்பட்டவை 320, பிறகு 390. அடுத்த மருந்துக்கான சான்றை இந்தப் பள்ளத்தாக்கால் தர முடியாது.

வருகிற கணக்கெடுப்பில் எண் ஐந்தோ பத்தோ குறைந்திருக்கலாம். மூடுபனி இருந்தது, பறவைகள் வேறு பக்கம் போயிருக்கும் என்று அதற்குக் காரணம் எழுதலாம். கணக்கெடுப்பில் அந்த அளவு வேறுபாடு இயல்பானதுதான்.